360 சதுர அடியில் வர்ணத்துக்கு எதற்கு இடம்?

பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் தோல் தொழிலாளர் குடியிருப்புகளில் ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடுகிறார்கள்; பழைய காலனி வீட்டோடு ஓர் அறையைச் சேர்க்கிறார்கள். இரண்டு தலைமுறை உழைப்பில் சேர்ந்த காசு அது. ஆய்வுக்காக இந்தத் தெருக்களுக்குப் போய்வரும் எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் கொத்தனார் கயிறு பிடிப்பதற்கு முன்பே வாஸ்துக்காரர் வந்து நிற்கிறார். அடுப்பு அக்னி மூலையில், பீரோ கன்னி மூலையில், சாமி அறை ஈசானிய மூலையில். அறை 12 அடி வந்தால் ஆகாது, 11 ஆகக் குறை என்கிறது மனையடி சாஸ்திரம். கடன் வாங்கிக் கட்டும் வீட்டில் ஓர் அடியைப் பயத்துக்குக் காவு கொடுக்கிறோம்.

இந்தச் சாஸ்திரம் யாருக்காக எழுதப்பட்டது? 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் எழுதிய பிருகத் சம்ஹிதையில் வாஸ்துவுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. வீட்டின் அகலம் பிராமணருக்கு 32 முழம், சத்திரியருக்கு 28, வைசியருக்கு 24, சூத்திரருக்கு 20 என்று அது படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வருகிறது. 16 முழத்துக்கும் கீழே இருப்பது மிகவும் கீழானவர்களுக்காம். மண்ணின் நிறத்துக்கும் வர்ணம் உண்டு: வெள்ளை மண் பிராமணருக்கு, கறுப்பு மண் சூத்திரருக்கு. ஊரின் மூலைகளில் குடியிருப்பவர்களுக்குக் கேடு வரும், ஆனால் தீண்டத்தகாதோர் அங்கேதான் செழிப்பார்கள் என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதற்கான நியாயம் இதில் அப்படியே இருக்கிறது. நம்மை மூலைக்குத் தள்ளிய மரபிடம், நம் வீட்டு மூலைகளுக்குக் காசு கொடுத்து யோசனை கேட்கிறோம்.

‘காற்றையும் வெளிச்சத்தையும் பார்த்துச் சொன்ன அறிவியல்தானே’ என்பார்கள். சரி, நம் ஊர் வெயிலை வைத்தே சோதிப்போம். வேலூர்ப் பக்கம் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பிற்பகல் வெயில் மேற்கு, தென்மேற்குச் சுவர்களைத்தான் சுடும். வாங்கிய சூட்டை அந்தச் சுவர்கள் இரவில் உள்ளே விடும். வாஸ்து குடும்பத் தலைவரைப் படுக்கவைப்பது அதே தென்மேற்கில். மேற்கில் குளியலறையும் சாமான் அறையும் வந்தால் சூட்டை அவை தாங்கிக்கொள்ளும். இதைச் சொல்ல வெயிலைக் கவனித்தால் போதும், குபேரன் வேண்டாம்.

வீட்டின் வரைபடத்தை அங்கே நடக்கும் வேலைதான் தீர்மானிக்க வேண்டும். இந்த வட்டாரத்தில் எத்தனையோ பெண்கள் வீட்டிலிருந்தே ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறார்கள், பீடி சுற்றுகிறார்கள். ஜன்னலைப் பீரோ அடைத்துக்கொண்டிருக்க, அவர்கள் வெளிச்சத்துக்காக வாசப்படியில் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். தோல் ஷாப்பிலிருந்து சுண்ணாம்பும் ரசாயனமும் படிந்த துணியோடு வருபவருக்கு நுழைந்ததும் கழுவிக்கொள்ள இடம் வேண்டும். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு வீடே 360 சதுர அடிதான். அதில் நாலுக்கு நாலு சாமி அறை என்றால் 16 சதுர அடி போய்விடும். பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்க ஒரு மேசை போட அதில் பாதி போதும்.

நாற்காலியும் நமக்கு வெறும் மரச்சாமான் இல்லை. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் ஊராட்சித் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்டார். மற்றவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். அதைப் பார்த்துக் கொதித்தோம். அதே கேள்வியை நம் வீட்டுக்குள்ளும் கேட்க வேண்டும். நாற்காலியும் கட்டிலும் ஆண்களுக்கும் விருந்தாளிக்கும், தரை பெண்களுக்கு என்றால் அதுவும் ஒரு வாஸ்துதான். முதுகு சாய்த்துத் தைக்க ஒரு நாற்காலி, அதற்கேற்ற மேசை, பக்கத்தில் ஜன்னல்: வீட்டில் முதலில் வாங்க வேண்டியது சோபா அல்ல, இவைதான்.

நமக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. பாபாசாகேப் அம்பேத்கர் 1930களில் பம்பாய் தாதரில் ராஜகிருகத்தைக் கட்டினார். கீழ்த்தளத்தில் குடும்பம், மேலே நூலகமும் படிப்பறையும். புத்தகத்துக்கு என்ன இடம் வேண்டும் என்பதே அந்த வீட்டின் கணக்கு.

ராஜகிருகம் அளவுக்கு நமக்கு இடம் கிடையாது. அந்தக் கணக்கைப் போட இடம் தேவையும் இல்லை. மேஸ்திரியைக் கூப்பிடும் முன், வீட்டில் யார் எந்த நேரத்தில் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பகலெல்லாம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் முதலில் கேளுங்கள். ஜன்னல் எங்கே வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.