பறங்கிப்பேட்டை உலையும் கல்வராயன் மலையும்

தியாகதுருகத்துக் கோட்டைமலையின் உச்சிப் பாறையில் மாலைப்பொழுதில் ஏறி நின்று மேற்கே நோக்குவோர்க்கு, கரும்பும் மரவள்ளியும் விளையும் கொல்லைகளுக்கு அப்பால், கல்வராயன் மலைத்தொடர் நீலம் பாரித்து நிற்பது தெரியும். அந்தப் பாறையைக் கைக்கொள்வதற்காக ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவரையொருவர் முற்றுகையிட்டனர்; 1790-இல் திப்பு சுல்தானின் சேனையும் அதன் அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தது. கோட்டையை வேண்டி வந்தவர்கள் வந்தபடியே போய்விட்டார்கள். இந்தச் சீமையின் மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று விசாரித்து வந்தவர்கள் செய்த காரியமோ அவ்வளவு எளிதில் ஆறிவிடவில்லை. அந்தப் பழைய விவகாரத்தை இன்று மறுபடியும் எடுத்துப் பேச வேண்டிய அவசியத்தை உண்டாக்கியிருப்பது, 2025 செப்டம்பர் 8ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் பிறப்பித்த ஒரு குறிப்பாணை.

அணுசக்திக் கனிமங்கள் என்றும், நாட்டுக்கு இன்றியமையாத முக்கியக் கனிமங்கள் என்றும் கனிமச் சட்டத்தின் முதல் அட்டவணையில் குறிக்கப்பட்டவற்றை வெட்டியெடுக்கும் சுரங்கங்களுக்கு, குத்தகைப் பரப்பு எவ்வளவாயினும், இனிமேல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு வேண்டியதில்லை. மதிப்பீடு முழுவதும் டெல்லியிலேயே நடக்கும் என்பதே அந்த ஆணையின் சாரம். பாதுகாப்புத் துறை கேட்டதாம், அணுசக்தித் துறை கேட்டதாம். சுற்றுச்சூழலைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட அமைச்சகம் சம்மதித்துவிட்டது. அதைத் திரும்பப் பெற வேண்டுமென்று தமிழக முதலமைச்சர் அப்போதே பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஒரு கடிதத்தோடு நின்றுவிடக்கூடிய விஷயமன்று இது.

கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது ஏதோ பெரிய பிரம்மாஸ்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி, முப்பது நாள் முன்னதாகத் தெரிவித்து, அறிக்கையின் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் வைத்து, மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிக்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் கூட்டம் அது. திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஊரே திரண்டு வேண்டாம் என்றாலும், வேண்டாம் என்றார்கள் என்று எழுதி மேலே அனுப்புவதோடு அதன் கடமை தீர்ந்தது. இவ்வளவு அற்பமான உரிமைகூடப் பாரமாகிவிட்டது என்றால், அந்தப் பாரத்தைச் சுமக்க மறுப்பவர்களின் நோக்கத்தைப் பற்றி நாம் என்ன அபிப்பிராயம் கொள்வது?

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து மாவட்டத்தில், ஒரு சுரங்கத்துக்காக நடந்த அத்தகைய கூட்டம் ஒன்றில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் இருந்தவர்கள் நெடுநேரம் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசினார்கள். பிறகு ஒரு மூதாட்டி எழுந்து நின்று, "ஐயா, நீங்க வெடி வைக்கிற அன்னைக்கி எங்க கெணத்து ஊத்துக்கண்ணு அடைஞ்சி போச்சின்னா நாங்க யாருகிட்ட வந்து கேக்குறது?" என்றாள். நிபுணர்கள் அறிக்கையைப் புரட்டினார்கள். அத்தனை பருமனான புத்தகத்தில் அந்தக் கிணறு இல்லை. ஆனாலும் அவள் கேட்ட கேள்வி பதிவேட்டில் ஏறிற்று. பின்னொரு நாள் ஒரு நீதிபதி அதைப் படிக்கக் கூடும் என்ற சாத்தியம் ஏற்பட்டது. புதிய ஆணை அழித்திருப்பது அந்தச் சாத்தியத்தைத்தான்.

மக்களைக் கேளாமல் உலோகம் எடுக்கப் புகுந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூரதேசத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. கல்வராயனில் பிறக்கும் கோமுகியும் மணிமுக்தாவும் வெள்ளாற்றில் சேர்ந்து கடலில் கலக்கும் பறங்கிப்பேட்டைக்குப் போனால் போதும். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தராக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர், ஐரோப்பிய முறையில் இரும்பு உருக்கும் தனியுரிமையைச் சர்க்காரிடமிருந்து பெற்று, உத்தியோகத்தை விட்டு, 1830-இல் அங்கே உலை மூட்டினார். சர்க்காரே கடனும் கொடுத்தது. 1833-இல் அது ஒரு கம்பெனியாயிற்று. 1853-இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதுப்பெயர் சூடிற்று; திருவண்ணாமலையிலும் மலபாரில் பேப்பூரிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. சேலத்து மலைகளில் வெட்டிய தாது அங்கே போய்ச் சேர்ந்தது. உருகிய இரும்பு கப்பலேறி இங்கிலாந்து சென்றது. வேல்ஸ் நாட்டில் 1850-இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் பறங்கிப்பேட்டை இரும்பு இருக்கிறது என்று கெஜட்டியர்கள் பெருமையோடு எழுதிவைத்திருக்கின்றன.

பெருமைதான். ஆனால் அந்த இரும்பு எதைத் தின்று உருகியது என்று அந்தப் பெருமைக்காரர்கள் கணக்குப் பார்த்ததில்லை. அந்நாளில் இந்தச் சீமையில் நிலக்கரி கிடைக்கவில்லை. ஆகையால் அந்த உலைகளுக்கெல்லாம் மரக்கரியே ஆகாரம். மூட்டம் போட்டு ஒரு டன் கரி எடுக்க ஏறக்குறைய ஐந்து டன் விறகு வேண்டும். கரியுலையில் ஒரு டன் வார்ப்பிரும்பு வடிக்க ஒரு டன்னுக்குக் குறையாமல் கரி வேண்டும். அதாவது, கப்பலில் ஏறிய ஒவ்வொரு டன் இரும்புக்கும் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல், குறைந்தது ஐந்து டன் காடு எரிந்து போயிருக்கிறது. விறகு வெட்டுவதற்கும் சர்க்கார் தரிசுகளில் கம்பெனிக்குச் சலுகை இருந்தது. அந்தத் தரிசுகளில் ஆடு மேய்த்தவனையும், சுள்ளி பொறுக்கியவளையும், கலப்பைக்குக் கொம்பு வெட்டியவனையும் யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பக்கத்துக் காடு தீர்ந்ததும் கரி தூரத்திலிருந்து வரவேண்டியதாயிற்று, வண்டிச் சத்தம் ஏறிற்று, லாபம் கரைந்தது. 1860-களில் பறங்கிப்பேட்டை உலை அவிந்தது. உலையை மூட்டியவருடைய பெயர் ஷெபீல்டு நகரத்தில் மாங்கனீசு கலந்து எஃகு செய்யும் முறைக்காக நிலைத்தது. காட்டைக் கொடுத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இதில் எனக்கு மிகவும் நோவைத் தருவது வேறொன்று. ஹீத் வருவதற்கு முன் இந்த நாட்டில் இரும்பு இல்லாமல் இல்லை. கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலைத் தாலூகாக்களின் குன்றடிகளில், கருமணலையும் பொடித்த கல்லையும் ஆளுயர மண்ணுலையில் இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி, கொழுவுக்கும் கொடுவாளுக்கும் வேண்டிய இரும்பை எடுத்த குடும்பங்கள் இருந்தன. தென்னாட்டு உருக்கின் மேன்மையை வியந்து 1839-இல் லண்டன் ராயல் ஆசியச் சங்கத்தின் பத்திரிகையில் கட்டுரை எழுதியவரே அந்த ஹீத்தான்! இங்கிலாந்து இரும்பு மலிவாக வந்து இறங்கியது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. மூட்டம் போடுவது குற்றமாயிற்று. கம்பெனி வெட்டினால் அபிவிருத்தி, கொல்லன் வெட்டினால் திருட்டு என்ற நியாயம் நிலைபெற்றது. அந்தக் குடும்பங்கள் விட்டுச்சென்ற கிட்டம் மட்டும் கொல்லை உழும்போது இன்றைக்கும் ஏர்முனையில் தட்டுகிறது.

இரும்பு மலிவான உலோகம், அதை வைத்துப் பேசலாமா என்று கேட்பவர்களுக்காகப் பொன்னையே எடுத்துக்கொள்வோம். கோலார் தங்கவயலில் 1880 முதல் 2001 பிப்ரவரி முடிய எடுக்கப்பட்ட தங்கம் ஏறக்குறைய 800 டன். எடுத்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம் மக்கள். தாதுவை அரைத்துச் சயனைடில் ஊறவைத்துப் பொன்னைப் பிரித்தபின் எஞ்சி, இன்று ஊர் நடுவே குன்றுகளாகக் குவிந்து கிடக்கும் மணல் 3 கோடியே 30 லட்சம் டன். வகுத்துப் பாருங்கள்: ஒரு கிராம் பொன்னுக்கு 41 கிலோ மணல், எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுனுக்கு 330 கிலோ. பெண்ணுக்குப் பத்துப் பவுன் போட்டு அனுப்பும் தகப்பன், மூன்று பாரவண்டி சயனைடு மணலை யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் கொட்டிவிட்டுத்தான் அனுப்புகிறான். அவனுக்கு அது தெரியாது. காற்றடிக்கும் காலத்தில் அந்த மணல் தங்கவயல் மக்களின் சோற்றிலும் நுரையீரலிலும் புகுகிறது. தங்கம் எங்கோ பெட்டியில் இருக்கிறது. சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆகிவிட்டது. மணல் மட்டும் அங்கேயே கிடக்கிறது. இந்த 330 கிலோவை நான் சந்திக்கும் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். நகைக்கடை விளம்பரங்களின் கீழே சட்டப்படி இதை அச்சிட வேண்டும் என்பது என் வேண்டுகோள். டங்ஸ்டன் போன்ற உலோகங்களின் தாதுவிலும் உலோகம் பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்கை எட்டுவதில்லை. எஞ்சிய தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்ட பங்கு எந்த ஊரின் ஏரியில் போய்ப் படியும் என்பதைக் கேட்பதற்கு இருந்த ஒரே கூட்டத்தைத்தான் இப்போது வேண்டாம் என்கிறார்கள்.

சீனா அருமண் உலோகங்களின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்திவிட்டது, தேசத்தின் பாதுகாப்புக்கு ஆபத்து, கூட்டம் போட்டுக்கொண்டிருக்க நேரமில்லை என்று வாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு மதிப்பு இல்லை. முப்பது நாள் அறிவிப்பும் ஒருநாள் கூட்டமும் ஒரு தேசத்தின் பாதுகாப்பைக் குலைத்துவிடும் என்றால், அந்தத் தேசத்தின் பாதுகாப்பை அவர்கள் மிகவும் இழிவாக மதிக்கிறார்கள். சுரங்கம் தோண்டிப் பலன் காணப் பத்தாண்டும் பதினைந்தாண்டும் பிடிக்கும் தொழிலில், அந்த ஒரு மாதத்தை மிச்சம் பிடித்தா சீனாவை முந்தப்போகிறோம்? சோம்பலும் பயமும் சேர்ந்து போட்டுக்கொண்ட வேஷம் இந்தத் தேசபக்தி. ஊர்மக்களுடைய முகத்தைப் பார்க்க அவர்களுக்கு மனம் இல்லை, அவ்வளவே.

அந்தப் பயத்துக்குக் காரணம் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், சமணர் படுகையும், பாண்டியர் குடைந்த சிவன் கோயிலும் உள்ள அந்த மலைகளையும், 2022-இலேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட ஊரையும் உள்ளடக்கி, நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்று பெயரிட்டு, 2,015 ஹெக்டேரை ஏலத்தில் விட்டு, 2024 நவம்பரில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்கென்று மத்திய அரசினர் அறிவித்தார்கள். தமிழகச் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7-இல் மேலூர் வட்டாரத்து ஜனங்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். ஜனவரி 23-இல் ஏலம் ரத்தாயிற்று. சிவகளையில் கிடைத்த சான்றுகளைக் கொண்டு, தமிழ் மண்ணில் இரும்பின் தொன்மை 5,300 ஆண்டுகள் என்று சென்னையில் பிரகடனம் செய்யப்பட்டதும் அதே நாளில்தான். இரும்பை முதலில் அறிந்தவன் என்ற கீர்த்தியும், உலோகத்துக்காக மலையைத் தரமாட்டேன் என்ற உறுதியும் ஒரே பகலில் நமக்கு வாய்த்தன. ஆறே நாள் கழித்து, 16,300 கோடி ரூபாயில் முக்கியக் கனிமங்களுக்கான தேசியத் திட்டத்துக்கு மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்தது. எட்டாவது மாதத்தில் இந்தக் குறிப்பாணை வந்தது. மதுரைச் சாலையில் நடந்த கால்களுக்கு டெல்லி கொடுத்த பதில் இது என்று நான் கருதுகிறேன்.

நம் ஊர்ப்பக்கம் யார் வரப்போகிறார்கள் என்று தியாகதுருகத்துக் கடைவீதியில் நண்பர் ஒருவர் கேட்டார். கல்வராயனுக்கு மேற்கே அரூர், ஊத்தங்கரை வட்டாரத்துப் பாறைகளில் மாலிப்டினம் இருப்பதைப் புவியியல் துறையினர் அறிவர்; அது அந்த அட்டவணையில் இருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மாமந்தூரில் செம்பும் ஈயமும் துத்தநாகமும் கலந்த தாது இருப்பது அரசாங்க ஏடுகளில் நெடுங்காலமாக உள்ள செய்தி. திருவண்ணாமலையில் கவுத்திமலை, வேடியப்பன் மலைகளைத் தோண்டவந்த இரும்புத் திட்டம், கிராமத்தார் எழுந்து நின்றதாலும், உச்ச நீதிமன்றத்தின் மத்திய அதிகாரக் குழு எதிராகப் பரிந்துரைத்ததாலும் நின்றது. அட்டவணைக் கனிமத்துக்கு வந்தால் இன்று எழுந்து நிற்க ஒரு சபை வேண்டுமே! கல்வராயன் மலையாளிக் குடிகள் 1976 வரையில் ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்தவர்கள். சாமையும் கடுக்காயும் கொண்டு சீவிப்பவர்கள். குடியுரிமையின் ருசியை மற்றவர்களுக்கு ஒரு தலைமுறை பிந்தி அறிந்தவர்கள். அறிந்த உரிமையிலும் ஒன்றை இப்போது பறித்தாயிற்று.

பழைய மின்சாதனங்களிலிருந்தும் மின்கலங்களிலிருந்தும் இந்த உலோகங்களை மீட்பதற்கு 1,500 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை, குறிப்பாணைக்கு ஐந்தே நாள் முன்பு, செப்டம்பர் 3-இல் அதே மத்திய மந்திரிசபை அங்கீகரித்திருக்கிறது. வழி அங்கே இருக்கிறது. நம் வீடுகளின் பரணில் கிடக்கும் பழைய கைப்பேசிகளும் கம்பிகளும் போதும் என்றே நம்புகிறேன். தமிழ்நாட்டில் மனிதர் வசிக்கும் எந்த மலையிலும் இனி ஒரு புதிய உலோகச் சுரங்கமும் தேவையில்லை, தேவைப்படவும் போவதில்லை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆகவே தியாகதுருகம் ஒன்றியத்திலும் கல்வராயன் மலை ஒன்றியத்திலும் அடுத்துக் கூடும் ஒவ்வொரு கிராம சபையிலும் இந்தக் குறிப்பாணையைத் திரும்பப் பெறக் கோரும் தீர்மானம் முதல் பொருளாக இடம்பெற வேண்டும். அதில் ஊரின் ஏரி, குளம், ஊற்று, கிணறு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதவேண்டும். நகல் ஒன்றைக் கள்ளக்குறிச்சி ஆட்சியரிடம் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கி, பஞ்சாயத்து அலுவலகத்தில் பத்திரமாக வைக்கவேண்டும்.