'இன்று நைட் டியூட்டி டாக்டர் தேவை': ஆப் வழியே வரும் மருத்துவர்… பொறுப்பு யாருக்கு?

'எம்பிபிஎஸ் டியூட்டி டாக்டர் தேவை. இன்று இரவு 8 முதல் காலை 8 வரை. 30 படுக்கை ஆஸ்பத்திரி. தங்குமிடம், சாப்பாடு உண்டு. பேமென்ட் காலையிலேயே.' தமிழகத்தில் எம்பிபிஎஸ் முடித்த இளம் டாக்டர்களின் போனை எடுத்துப் பார்த்தால், இப்படி ஒரு மெசேஜாவது கண்ணில் படும். வாட்ஸ்அப், டெலிகிராம் குரூப்களில் ஓடிக்கொண்டிருந்த இந்த ஆள் தேடல், இப்போது மெல்ல மெல்ல ஆப்களுக்கும் இணையதளங்களுக்கும் நகர்கிறது. ஆஸ்பத்திரி ஷிஃப்டைப் போடும், டாக்டர் 'ஓகே' சொல்வார், நடுவில் புரோக்கர் கிடையாது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்த இரவு இரண்டு மணிக்கு நெஞ்சுவலியோடு வரும் நோயாளிக்கு இது நல்லதா? அந்தக் கேள்விக்குப் பதில் தேடாமல் இந்த மாற்றத்தை 'டாக்டர்களுக்கான ஸ்விகி' என்று கொண்டாடிவிட முடியாது.

லோக்கம்னா என்ன?

'லோக்கம் டெனன்ஸ்' என்பது லத்தீன் சொல். ஒருவருடைய இடத்தைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருப்பவர் என்று பொருள். நிரந்தர டாக்டர் லீவில் போனால், பிரசவ விடுப்பில் இருந்தால், அல்லது ராத்திரி டியூட்டிக்கு ஆள் இல்லையென்றால், அந்த இடத்தை நிரப்ப வருபவர்தான் லோக்கம் டாக்டர். நம்மூரில் 'டியூட்டி டாக்டர்' என்று சொல்லப்படுபவர்களில் கணிசமானோர் இப்படிப்பட்டவர்கள்தான்.

இதற்கு இரண்டு பக்கமும் தேவை இருக்கிறது. தமிழகத்தில் ஆண்டுக்கு 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எம்பிபிஎஸ் இடங்கள் இருக்கின்றன. படிப்பை முடிப்பவர்களில் பலர் உடனே முழுநேர வேலைக்குப் போவதில்லை. நீட் பிஜி தேர்வுக்குப் படிக்கிறார்கள். வாரத்தில் இரண்டு நைட் டியூட்டி பார்த்தால் கைச்செலவுக்கும் கோச்சிங்குக்கும் ஆகும். மறுபுறம், சிறிய நர்சிங் ஹோம் ஒன்று 24 மணி நேரமும் டாக்டர் வைத்திருக்க வேண்டும். நான்கைந்து பேரை நிரந்தரமாக நியமிக்க அதற்குக் கட்டுப்படியாகாது. இந்த இரண்டு தேவைகளும் சந்திக்கும் இடம்தான் லோக்கம் சந்தை.

ஆப் வந்தா என்ன மாறும்?

முதலில் மாறுவது காசு. ஒரு கணக்குக்காக, 12 மணி நேர ஷிஃப்டுக்கு ஆஸ்பத்திரி 5,000 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருக்கும் ஏஜென்ட் 20 சதவீதம் எடுத்துக்கொண்டால் டாக்டர் கைக்கு 4,000 ரூபாய்தான் வரும். ஆப் 5 சதவீதம் மட்டும் எடுத்தால் 4,750 வரும். மாதம் எட்டு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் 6,000 ரூபாய்.

இரண்டாவது, வெளிப்படைத்தன்மை. எந்த ஆஸ்பத்திரி எவ்வளவு தருகிறது, எத்தனை படுக்கை, ஐசியு இருக்கிறதா, உதவிக்கு சீனியர் டாக்டர் இருப்பாரா என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். 'வாங்க டாக்டர், பாத்துக்கலாம்' என்று கூப்பிட்டுவிட்டு, போனபிறகு 15 படுக்கை ஐசியுவையும் சேர்த்துத் தலையில் கட்டும் கதை குறையும்.

மூன்றாவது, பணம் வரும் வழி. பேமென்ட் வங்கிக் கணக்குக்கு வந்தால் 'அடுத்த வாரம் தர்றோம் டாக்டர்' என்று இழுத்தடிப்பது கடினம். வருமானத்துக்கும் கணக்கு இருக்கும்; டிடிஎஸ் பிடித்திருந்தால் வருமான வரி தாக்கலில் அதைக் கழித்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டில் என்ன நடந்தது?

அமெரிக்காவில் லோக்கம் ஏஜென்சிகள் 1970-களிலிருந்தே பெரிய தொழில். இடைத்தரகர்களை ஓரங்கட்டி டாக்டரையும் ஆஸ்பத்திரியையும் நேரடியாக இணைப்போம் என்று 2015-ல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டது நோமாட் ஹெல்த். பின்னாளில் அதன் கவனம் ஊர் ஊராகப் போய் வேலை பார்க்கும் நர்ஸ்கள் பக்கம் திரும்பியது. புரோக்கரைத் தூக்குவது எளிது. அவர் செய்துவந்த சரிபார்ப்பு, உரிமம், காப்பீடு வேலைகளைத் தூக்கிவிட முடியாது என்பதே இந்தத் தொழிலின் முதல் பாடம்.

நமக்கு அதிகம் பொருந்துவது பிரிட்டன் அனுபவம். தமிழ் டாக்டர்கள் பலர் பணிபுரியும் என்ஹெச்எஸ், ஏஜென்சி ஊழியர்களுக்காக மட்டும் 2022-23-ல் சுமார் 350 கோடி பவுண்டு செலவழித்தது. இதில் டாக்டர், நர்ஸ் எல்லோரும் அடக்கம். செலவைக் கட்டுப்படுத்த 2015 நவம்பரிலேயே ஏஜென்சி கட்டணங்களுக்கு உச்சவரம்பு கொண்டுவரப்பட்டது. அந்தக் காலகட்டத்தையொட்டி வந்தவைதான் லோக்கம்ஸ் நெஸ்ட், பேட்ச்வொர்க் போன்ற ஆப்கள். இரண்டுமே டாக்டர்களால் தொடங்கப்பட்டவை. ஆஸ்பத்திரிகள் தங்களுக்கென ஒரு 'ஸ்டாஃப் பேங்க்' வைத்துக்கொள்ளும். சரிபார்க்கப்பட்ட டாக்டர்கள் மட்டும் அதில் இருப்பார்கள். காலியான ஷிஃப்ட் அவர்கள் போனுக்குப் போகும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஆப் அல்ல, அதற்குப் பின்னால் இருக்கும் அமைப்பு. பிரிட்டனில் ஒரு டாக்டரின் பெயரைப் போட்டால் அவர் பதிவு, தடை எல்லாம் பொதுப் பட்டியலில் தெரியும். 2012 டிசம்பர் முதல் 'ரீவேலிடேஷன்' என்ற முறை இருக்கிறது. நிரந்தர டாக்டரோ லோக்கமோ, ஐந்தாண்டுக்கு ஒருமுறை தன் தகுதியை மறுபடி உறுதிப்படுத்த வேண்டும்.

இந்தக் கண்டிப்புக்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 2008 பிப்ரவரியில் ஜெர்மனியிலிருந்து இரவு, வார இறுதிப் பணிக்காக வந்த ஒரு டாக்டர், முந்தைய நாள்தான் பிரிட்டனில் இறங்கியிருந்தார். முதல் ஷிஃப்டிலேயே 70 வயது நோயாளி ஒருவருக்கு வலி குறைக்கும் டையாமார்ஃபின் மருந்தை 10 மில்லிகிராமுக்குப் பதில் 100 மில்லிகிராம் செலுத்தினார். நோயாளி இறந்தார். அது சட்டவிரோத மரணம் என்று 2010-ல் விசாரணை முடிவு செய்தது. இத்தனைக்கும் அந்த டாக்டர் ஓர் இடத்தில் ஆங்கிலத் தேர்வில் தேறாமல், வேறொரு இடத்தின் பட்டியலில் சேர்ந்திருந்தார். ஓர் அலுவலகத்துக்குத் தெரிந்தது இன்னொன்றுக்குத் தெரியவில்லை. ஐரோப்பிய டாக்டர்களின் ஆங்கிலத்தைச் சோதிக்கும் அதிகாரம் 2014-ல்தான் மெடிக்கல் கவுன்சிலுக்குக் கிடைத்தது.

வர்ற டாக்டர், டாக்டர்தானா?

இப்போது நம்மூருக்கு வருவோம். வாட்ஸ்அப் குரூப்பில் 'நான் வர்றேன்' என்று சொல்பவர் உண்மையிலேயே பதிவு பெற்ற டாக்டரா என்பதை இரவு ஏழரை மணிக்கு யார் பார்க்கிறார்கள்? சான்றிதழின் போட்டோ ஒன்று வரும். அதை அட்மின் ஒரு பார்வை பார்ப்பார். அவ்வளவுதான். வெளிநாட்டில் படித்துவிட்டு எஃப்எம்ஜிஇ தேர்வில் இன்னும் தேறாதவரோ, வேறு மருத்துவமுறை படித்தவரோ அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட முடியும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் 2019-ன்படி, பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 2024 ஆகஸ்டில் ஆதாருடன் இணைந்த தேசிய மருத்துவப் பதிவேட்டுக்கான இணையதளமும் தொடங்கப்பட்டது. ஒரு நல்ல ஆப், டாக்டரின் பதிவு எண்ணையும் முகத்தையும் இந்தப் பதிவேடுகளோடு ஒப்பிட்ட பிறகுதான் முதல் ஷிஃப்டையே காட்ட வேண்டும். இது வாட்ஸ்அப்பால் செய்ய முடியாத வேலை. ஆப்பின் உண்மையான பலன் மலிவான கமிஷனைவிட இதில்தான் இருக்கிறது. இதைச் செய்யாத ஆப், அழகான டிசைன் போட்ட வாட்ஸ்அப் குரூப்தான்.

தப்பு நடந்தா யார் மாட்டுவாங்க?

மருத்துவ சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. 'அவர் எங்க டாக்டர் இல்லை, வெளியிலிருந்து வந்தவர்' என்று ஆஸ்பத்திரி கைகழுவ முடியுமா? முடியாது. 2004-ல் சவிதா கார்க் வழக்கில், டாக்டர் நிரந்தர ஊழியரா, ஒப்பந்தத்தில் வந்தவரா என்ற வித்தியாசம் ஆஸ்பத்திரியைக் காப்பாற்றாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. நோயாளி நம்பி வருவது ஆஸ்பத்திரியின் பெயரை. எனவே, அலட்சியம் இல்லை என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் ஆஸ்பத்திரிக்கே.

ஆனால், ஆப்? 'நாங்கள் இரு தரப்பையும் இணைக்கும் மேடை மட்டுமே' என்று விதிமுறைகளில் ஒரு வரி எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்வதே பிளாட்ஃபார்ம் தொழிலின் வழக்கம். டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் கேட்டுப் பழகிய வரி இது. மருத்துவத்தில் அது செல்லக்கூடாது. டாக்டரைச் சரிபார்த்துவிட்டோம் என்று சொல்லிக் காசு வாங்குபவர், அந்தச் சரிபார்ப்பு பொய்த்துப்போனால் பொறுப்பில் பங்கேற்க வேண்டும்.

டாக்டர் பக்கமும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒரு ராத்திரிக்குப் போகும் இளம் டாக்டர்கள் பலருக்குத் தனியாக இண்டெம்னிட்டி இன்சூரன்ஸ் இருப்பதில்லை. ஆஸ்பத்திரியின் பாலிசி தற்காலிக டாக்டரையும் சேர்க்கிறதா என்று யாரும் கேட்பதும் இல்லை. நோயாளி இறந்தால் உறவினர்களின் கோபத்தை முதலில் எதிர்கொள்பவரும் அவர்தான். மருத்துவ ஊழியர்களைத் தாக்கினால் 3 முதல் 10 ஆண்டுகள் வரை சிறை என்று தமிழகத்தில் 2008-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால், அந்த ஆஸ்பத்திரியின் பின்வாசல் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத டாக்டருக்கு, அந்த நிமிடத்தில் சட்டப் புத்தகம் உதவாது.

தூக்கத்துக்கு யார் கணக்கு?

அதிகம் பேசப்படாத ஆபத்து இதுதான். பகலில் ஓர் ஆஸ்பத்திரி, இரவில் இன்னொன்று, மறுநாள் காலை மூன்றாவது. ஒவ்வோர் இடத்திலும் அவர் '12 மணி நேரம்' மட்டுமே வேலை செய்ததாகப் பதிவாகும். மொத்தம் 36 மணி நேரம் என்பது யாருக்கும் தெரியாது. பயிற்சி டாக்டர்கள் 36 மணி நேரம் தொடர்ந்து வேலை பார்ப்பது மனிதத்தன்மையற்றது என்று 2024 ஆகஸ்டில், கொல்கத்தா ஆர்ஜி கர் வழக்கை விசாரித்தபோது உச்ச நீதிமன்றம் வேதனைப்பட்டது. அங்கே அந்த நேரத்தை நிர்வாகம் திணிக்கிறது. இங்கே டாக்டரே ஒவ்வொரு 'ஓகே'வாகத் தட்டித் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். களைத்த கை இரண்டும் ஒன்றுதான்.

ஆப் நினைத்தால் இதைத் தடுக்க முடியும். ஒரு ஷிஃப்ட் முடிந்து குறிப்பிட்ட நேரம் ஓய்வு இல்லாமல் அடுத்ததைப் பூட்டிவைக்கலாம். ஆனால், ஷிஃப்ட் நிரம்பினால்தான் ஆப்புக்கு வருமானம். ஆகவே, இதை அதன் நல்ல மனசுக்கு விட்டுவிடாமல் விதியாகவே ஆக்க வேண்டும்.

டாக்டரும் கிக் தொழிலாளியா?

2020-ம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் ஏழாவது அட்டவணையில் உள்ள 'அக்ரிகேட்டர்' பட்டியலில் டாக்சி, உணவு டெலிவரியோடு மருத்துவ சேவையும் இருக்கிறது. இந்த நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக்குத் தர வேண்டும். அது தொழிலாளர்களுக்குத் தரும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. டாக்டரை டெலிவரி ஊழியரோடு ஒப்பிடுவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். பிஎஃப் இல்லை, சம்பள விடுப்பு இல்லை, காய்ச்சல் வந்தால் வருமானம் இல்லை என்ற விஷயத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. லோக்கம் டாக்டருக்கும் இது பொருந்துமா என்பதை அரசு குழப்பமில்லாமல் சொல்ல வேண்டும்.

என்ன செய்யலாம்?

தமிழகத்தில் 1997-ம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் சட்டமும், அதற்கான 2018 விதிகளும் கைவசம் இருக்கின்றன. புதிய சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நான்கு விஷயங்களைச் சேர்த்தாலே போதும்.

ஒன்று: பதிவேட்டோடு சரிபார்க்காமல் எந்தத் தளமும் டாக்டரை அனுப்பக்கூடாது. இரண்டு: தற்காலிக டாக்டருக்கும் பொருந்தும் இன்சூரன்ஸ் இல்லாமல் ஆஸ்பத்திரி ஷிஃப்ட் போடக்கூடாது. மூன்று: எத்தனை ஆப்பில் வேலை பார்த்தாலும் மொத்த நேரத்துக்கு வரம்பு வேண்டும், பதிவு எண்ணை வைத்து இதைக் கணக்கிடுவது கடினமல்ல. நான்கு: புதிதாக வரும் டாக்டருக்கு அரை மணி நேரமாவது ஆஸ்பத்திரியைச் சுற்றிக்காட்ட வேண்டும். எமர்ஜென்சி மருந்து எங்கே, டிஃபிப்ரிலேட்டர் எங்கே, சீனியர் டாக்டரின் நம்பர் எது என்று தெரியாமல் யாரும் நைட் டியூட்டியைத் தொடங்கக்கூடாது.

அதுவரை, 'அக்செப்ட்' பட்டனைத் தட்டுவதற்கு முன் இளம் டாக்டர்கள் மூன்றைக் கேட்கலாம்: எத்தனை படுக்கை, அவசரத்துக்கு யார் வருவார், இன்சூரன்ஸ் யாருடையது. பதில் வராத இடத்துக்குப் போகாமல் இருப்பது அவர்களுக்கும் நல்லது, அன்றிரவு அங்கே படுத்திருக்கும் நோயாளிக்கும் நல்லது. நோயாளியின் குடும்பமும் தயங்க வேண்டியதில்லை. 'டியூட்டி டாக்டர் பேரு என்ன, ரெஜிஸ்டர் நம்பர் என்ன?' என்று கேட்பது அவமரியாதை ஆகாது, அது அவர்களின் உரிமை.

ஆள் கிடைக்காத இரவுகளில் ஒரு டாக்டரைக் கொண்டுவந்து சேர்க்கும் தொழில்நுட்பத்தை வரவேற்கலாம். ஆனால், நாற்காலி நிரம்பிவிட்டது என்பதும் நோயாளி பத்திரமாக இருக்கிறார் என்பதும் ஒன்றல்ல. முதலாவதை ஆப் பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை அரசும் மருத்துவ கவுன்சிலும் ஆஸ்பத்திரிகளும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.