ஓட்டை சின்னது, அலட்சியம் பெரியது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பைப்பைப் பற்றிய பதிவு. அதுவும் கழிவுநீர் பைப். மூக்கைப் பொத்திக்கொண்டாவது முழுசாகப் படித்துவிடுங்கள்.

வில்லியனூர், பாகூர் பக்கம் வீடுகளின் பின்புறம் போய்ப் பாருங்கள். சாம்பல் நிற பி.வி.சி. பைப்பில் ஒரு சின்ன ஓட்டை. அதன்மேல் சிமெண்ட் அப்பியிருக்கும், இல்லையென்றால் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். கீழே ஒரு பக்கெட். கேட்டால் வரும் பதில்: "சாக்கடை பைப்தானே, நல்ல தண்ணி பைப்பா என்ன?"

இந்த 'தானே'வைத்தான் எதிர்க்கிறேன்.

2024 ஜூன் 11 ஞாபகம் இருக்கிறதா? வில்லியனூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் இருக்கிற ரெட்டியார்பாளையம், புதுநகர். பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியாக வீட்டுக்குள் வந்த விஷவாயு மூன்று பேரைக் கொன்றது. ஒருவர் பள்ளி மாணவி. அது பைப் ஓட்டையால் நடந்தது அல்ல, ஒப்புக்கொள்கிறேன். நம் கிராமங்களில் பெரும்பாலும் செப்டிக் டேங்க்தான். ஆனால் அதற்குள்ளும் அழுகலில் உண்டாவது அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். அளவு அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது!

வாயுவைத் தடுப்பது பைப் வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர். ஓட்டை அந்த வளைவைத் தாண்டி, வீட்டுக்குள் இருந்தால்? காவல்காரன் வாசலில் நிற்க, திருடன் கொல்லைப்புறமாக வந்த கதைதான். வெளியே இருந்தால் கொசு. மண்ணுக்கடியில் இருந்தால் இன்னும் மோசம், அதே மனையில்தான் போர் தண்ணீரும் எடுக்கிறோம்.

சரி, அடைக்கிறோம் பேர்வழி என்று செய்கிற கூத்துகள். சிமெண்ட் பூசுவது: வழுவழுப்பான பி.வி.சி.யில் சிமெண்ட் பிடிக்காது, பெயர்ந்துவிடும். ஈரத்தின் மேலேயே எம்-சீல் அப்புவது: எண்ணெய்ப் பிசுக்கும் ஈரமும் இருந்தால் அதுவும் நிற்காது, காசு தண்டம். கம்பியைக் காய்ச்சிப் பைப்பை உருக்குவது: இதுதான் உச்சம். ஓட்டை பெரிதாகும், சூடேறிக் கருகும் பி.வி.சி. விடுகிற ஹைட்ரஜன் குளோரைடு நெஞ்சுக்குள் போகும்.

இத்தனைக்கும் சரியான வழி சுலபமானது. கழிவு பைப்பில் மோட்டார் தண்ணீர் மாதிரி அழுத்தம் கிடையாது. தண்ணீர் விடுவதை நிறுத்துங்கள். சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, உப்புத்தாளால் தேயுங்கள். அதே அளவு பழைய பைப்பில், ஓட்டையைச் சுற்றி இரண்டு அங்குலம் தாராளமாக மூடும்படி ஒரு வளைந்த துண்டு வெட்டுங்கள். துண்டின் உள்பக்கமும் தேயுங்கள். இரண்டிலும் சால்வென்ட் சிமெண்ட் தடவி, அழுத்தி, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். ஒரு நாள் விட்டுவிடுங்கள். சால்வென்ட் சிமெண்ட் வெறும் பசை இல்லை, இரண்டு பரப்பையும் இளக்கி ஒன்றாக்கிவிடும். கறுப்பு ஹெச்.டி.பி.இ. பைப்பில் மட்டும் இது ஒட்டாது. நீளமாக விரிசல் விட்டிருந்தால் ஒட்டுப்போடாதீர்கள், அந்தப் பகுதியை வெட்டிவிட்டுப் புதுத் துண்டு போடுங்கள்.

இன்னொன்று. கொதிக்கக் கொதிக்க சோற்றுக் கஞ்சியை சிங்க்கில் வடிப்பதை நிறுத்துங்கள். சுமார் 80 டிகிரியிலேயே பி.வி.சி. இளக ஆரம்பித்துவிடும்.

"இதுக்கெல்லாம் பிளம்பர் வரமாட்டான்", "வாடகை வீடு, ஓனர் பார்த்துக்கட்டும்" என்பீர்கள். அதுவரை அந்த பக்கெட்டைத் தூக்கிக் கொட்டுவது யார்? ஓனரா? நீங்களா? உங்கள் வீட்டு அம்மாக்கள் மக்களே! செல்போன் ஸ்கிரீனில் கீறல் விழுந்தால் அன்றைக்கே கடைக்கு ஓடுகிற நமக்கு, இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிடைக்காதா?