சும்மா கிடைக்கிற கேம்தான் காஸ்ட்லி!

'ஒரு கேமுக்கு அஞ்சாயிரமா? ஒரு மாச மளிகையே வாங்கிடலாமே!' என்று பிள்ளையை அதட்டியிருப்பீர்கள். நியாயம்தான். ப்ளே ஸ்டேஷன் 5-க்கு வந்த சில கேம்கள் 4,999 ரூபாய். ஆனால், அதே பிள்ளை உங்கள் செல்போனில் 'ஃப்ரீ கேம்' இறக்கினால் கண்டுகொள்வதில்லை, பாருங்கள்... அங்கேதான் வினை!

காசு கொடுத்து வாங்கும் கதை கேமுக்கு ஒரு முடிவு உண்டு. ஆடி முடித்ததும் டிஸ்க்கைத் தம்பிக்குக் கொடுக்கலாம், விற்றும் விடலாம். இலவச கேம்கள் பலவற்றுக்கு முடிவே கிடையாது. 'இன்னிக்கு வரலைன்னா பரிசு போச்சு' என்று தினமும் இழுக்கும். உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பெட்டியைக் காசுக்கு விற்கும். இப்படிப்பட்ட பெட்டிகளைச் சூதாட்டம் என்றே 2018-ல் பெல்ஜியம் சொல்லிவிட்டது. ஐம்பது, நூறு என்று போவதால் நமக்கு உறைப்பதில்லை. தூக்கம் கெடுவது தனிக்கணக்கு!

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் கேம் அடிமைத்தனத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்தபோது முதலில் கவனிக்கச் சொன்னது, ஆட்டத்தை நிறுத்த முடிகிறதா என்பதைத்தான்.

கன்சோல் விலை வேறு இருக்கிறதே என்பீர்கள். வாஸ்தவம். வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடுகிற நல்ல கேம்கள் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். போனில் பதிந்து வைத்திருக்கும் கார்டு நம்பரை இன்றைக்கே அழித்துவிடுங்கள்.