ஜெப வீராங்கனை என்று மட்டும் போடாதீர்கள்

நம் திருநெல்வேலி, தூத்துக்குடிச் சபைகளில் ஓர் ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்தால் உடனே நினைவு மலர் அச்சடிக்கிறோம். பளபளக்கும் அட்டை, பட்டுச்சேலையில் ஒரு படம், மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர் வரிசை, யார் எந்த நாட்டில் என்ன வேலையில் இருக்கிறார்கள் என்ற விவரம். ஆச்சியைப் பற்றி என்ன இருக்கிறது? "ஜெப வீராங்கனை. பக்தியுள்ள தாய்." அவ்வளவுதான். படத்தை மட்டும் மாற்றினால் அதே மலரைப் பக்கத்துத் தெரு ஆச்சிக்கும் கொடுத்துவிடலாம்.

பெற்றோரே, இது உங்களுக்கு உறுத்தவே இல்லையா? முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையில் ஐயர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருக்கிறார். உங்கள் பிள்ளைகள் கடைசி வரிசையில் குனிந்து போனில் விளையாடுகிறார்கள். அதைக் கையில் கொடுத்தது நீங்கள்தான், "சத்தம் போடாமல் இருக்கட்டும்" என்று. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரை நினைக்கச் சொல்லி அங்கே உட்கார வைத்தீர்கள்? அவர்களுக்கு ஆச்சி என்பது சுவரில் மாலை போட்ட ஒரு படம்.

என் ஆச்சி தேரிக்காட்டை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் பனையேறி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பதநீர்க் காலம் தொடங்கிவிட்டால் அவளுக்குக் கோயில் கருப்பட்டி காய்ச்சும் விடிலிதான். தாத்தா இறக்கிவரும் பதநீரை வடிகட்டித் தாழியில் ஊற்றி, காய்ந்த ஓலையும் மட்டையும் திணித்து எரிப்பாள். பொங்கி வழியப் பார்க்கும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் நுரை அடங்கும். பாகு முற்றியதா என்று பார்க்க ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். பதம் தப்பினால் கருப்பட்டி இளகிவிடும், வியாபாரி விலையைக் குறைப்பான். அந்த வெக்கையில், புகையில் கண்ணீர் வடிய, துடுப்பைப் போட்டுக் கிண்டிக்கொண்டே ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொல்லி ஜெபிப்பாள். சங்கீதங்கள் பல அவளுக்கு மனப்பாடம். முழங்கால் போட்டு ஜெபிப்பது ராத்திரி குடும்ப ஜெபத்தில்தான். பகலில் முழங்கால் போட நேரம் ஏது?

உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். கஞ்சிக்கே அரிசி பற்றாத நாள்கள் அந்த வீட்டில் உண்டு. அப்போது பிடி சிறியதாகும், நிற்காது. இதை ஏதோ பழைய காலத்துப் பழக்கம் என்று தள்ளிவிடாதீர்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அதை முன்னின்று நடத்தினார். அது தெலுங்கு நாட்டுக்கு, டோர்ணக்கலுக்கு, ஊழியர்களை அனுப்பியபோது வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்கவில்லை. இந்த மண்ணின் சபைகள் கொடுத்த காணிக்கையில்தான் அந்த ஊழியம் நடந்தது. உங்கள் பிள்ளைக்கு இது தெரியுமா? பிடி அரிசிப் பானையையாவது பார்த்திருக்கிறதா?

ஆச்சி எல்லாரிடமும் இனிக்க இனிக்கப் பேசியவள் அல்ல. மருமக்களைக் கடிந்து பேசுவாள், என் அம்மாவும் அதில் அழுதிருக்கிறாள். கொழுந்தனோடு ஒரு பனைவிளையின் எல்லைத் தகராறு, வருஷக்கணக்கில் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு பெரிய வியாழனுக்கு முந்தின சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல் எழுந்துபோய் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாள். "நாளைக்கு ராப்போஜனம் வாங்கணும். உம்ம மேல கசப்ப வச்சிக்கிட்டு என்னால கைய நீட்ட முடியாது" என்றாளாம். நிலம் போனது போனதுதான். அவள் அதைத் திரும்பக் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய காரியம் இதுதான். அவள் நினைவு மலரில் இது இல்லை. "சொத்து விஷயம், எதற்கு?" என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள்.

இப்படித்தான் நாம் நம் ஆச்சிமாரைச் சுத்தம் பண்ணிச் சுத்தம் பண்ணி ஒன்றுமில்லாமல் ஆக்குகிறோம். பாடு, கடன், கோபம், மனஸ்தாபம், அதிலிருந்து அவர்கள் மீண்டு வந்த விதம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பக்தியை மட்டும் பிள்ளைகள் முன்னால் வைக்கிறோம். அதையும் எப்படி வைக்கிறோம்? "ஆச்சி நாலு மணிக்கு எழுந்து ஜெபித்தாள், நீ எட்டு மணி வரைக்கும் தூங்குகிறாயே" என்று. அந்த மனுஷியைப் பிரம்பாக ஆக்கிப் பிள்ளையின் முதுகில் போடுகிறீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஆச்சி மேல் எப்படி அன்பு வரும்? ஆச்சி கும்பிட்ட தேவன் மேல்தான் எப்படி வரும்?

வேதத்தில் பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி எழுதுகிறார். சிறையில், சாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிற மனுஷன், ஒரு வாலிபனின் பாட்டி பெயரை ஞாபகம் வைத்திருக்கிறார். உங்கள் வீட்டில் பிள்ளையைக் கூப்பிட்டு அப்பாவைப் பெற்றவளின் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள். "ஆச்சி" என்றுதான் பதில் வரும்.

இன்னொன்றும் சொல்லியே ஆக வேண்டும். ஆச்சியின் வேதப்புத்தகம் பல வீடுகளில் பீரோவுக்குள் இருக்கிறது. முதல் வெற்றுத்தாளில் பிள்ளைகள் பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், செத்துப்போன பிள்ளையின் நாள். ஓரங்களில் பென்சிலால் கோடு, சில இடத்தில் தேதி. அவள் எந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு எந்த வருஷத்தைக் கடந்தாள் என்பது அங்கேதான் இருக்கிறது. உங்கள் பிள்ளையால் அதை வாசிக்க முடியாது, தமிழ் தெரியாது. மார்க்குக்காகப் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு எடுக்க வைத்தீர்கள். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு எழுத்து சும்மா கிடைத்துவிடவில்லை. பெண்பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட 1840-களில் இடையன்குடியில் மிஷனெரி கால்டுவெல்லின் மனைவி எலிசா பெண்பிள்ளைகளைச் சேர்த்து எழுத்தும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். அந்த வழியில் வந்த வாசிப்பு உங்கள் ஆச்சி வரைக்கும் வந்தது. அதை நிறுத்தியது வறுமை இல்லை, பஞ்சம் இல்லை. நீங்கள் நிறுத்தினீர்கள், நல்ல சம்பளம் வாங்கிக்கொண்டு.

நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள். நினைவு ஆராதனைக்குப் பிரியாணி சொல்லவும், பந்தலும் மைக்செட்டும் பேசவும் நேரம் கிடைத்தது.

இந்தக் கிறிஸ்துமஸ் லீவுக்கு எப்படியும் ஊருக்குப் போவீர்கள். ஆச்சியோடு கருப்பட்டி காய்ச்சியவர்கள், அவளோடு பெண்கள் ஐக்கியத்தில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் இருவர் இன்னும் இருக்கிறார்கள். காது மந்தமாகிவிட்டது, நினைவும் தப்பித் தப்பி வருகிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் பக்கத்தில் உட்கார வையுங்கள், போனை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் ஆச்சியைப் பற்றி நல்லதும் சொல்லட்டும், குறையும் சொல்லட்டும், நடுவில் அவர்கள் வாயை அடைக்காதீர்கள். பீரோவில் இருக்கிற வேதப்புத்தகத்தை எடுத்து ராத்திரி ஜெபத்தில் நீங்களே பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள், ஓரத்தில் இருக்கிற தேதியோடு சேர்த்து. புது வருஷம் பிறந்ததும் பிள்ளையைத் தமிழ் அ, ஆ எழுத வையுங்கள்.