தூக்கக் கலக்கத்தில் பால் குடிக்கும் பிள்ளை

விழித்து விளையாடும்போது பால் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறது. வற்புறுத்தினால் வீறிட்டு அழுகிறது. கண் சொருகும் நேரத்தில் மட்டும் மடமடவென்று குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறது. மூன்று, நான்கு மாதக் குழந்தை இருக்கும் வீடுகளில் இந்தப் புகார் புதிதல்ல.

பிழைக்க வந்த பெங்களூரில் இது பெரிய கவலையாகி விடுகிறது. ஊரில் என்றால் நாலு பிள்ளை வளர்த்த பாட்டி பக்கத்தில் இருப்பாள். இங்கே அண்டை வீட்டார் சொல்வதுதான் வைத்தியம். தாய்க்குப் பால் போதவில்லை என்கிறார் ஒருவர். திருஷ்டி என்கிறார் இன்னொருவர். மாலையில் வீட்டுக்காரர் வரும்போது கையில் பால் பவுடர் டின் இருக்கிறது. அந்த டின்னிலேயே தாய்ப்பால்தான் சிறந்தது என்று அச்சிட்டிருக்கிறது. 1992-ம் ஆண்டுச் சட்டம் அப்படிப் போட வைத்தது. யார் படிக்கிறார்கள்?

காரணம் எளிது. மூன்று மாதம் தாண்டிய பிள்ளைக்குக் கண்ணும் காதும் நன்றாக வேலை செய்யத் தொடங்குகின்றன. ஸ்ரீராமபுரத்திலோ ஓகளிபுரத்திலோ இருக்கும் ஒற்றை அறை வீட்டில் டெலிவிஷன், குக்கர் விசில், வந்து போகிறவர்கள் எல்லாம் அதற்கு வேடிக்கைதான். பாலை விட வேடிக்கை பெரிது. தூக்கம் வரும்போது வேடிக்கை மறைகிறது, பசி தெரிகிறது. வாயில் திணித்துப் பழக்கிய பிள்ளையோ, விழித்திருக்கையில் பாலைக் கண்டாலே பயப்படும். இதைப் பிடிவாதம் என்று சொல்லி அதட்டுவது வீண்.

பிள்ளை தூங்கி எழுந்ததும், வேடிக்கையில் இறங்குமுன், விளக்கைத் தணித்துவிட்டு அமைதியான மூலையில் கொடுத்துப் பார்க்கலாம். கையை வாய்க்குக் கொண்டுபோவதும் உதட்டைச் சப்புவதும் பசியின் அறிகுறி. அழுகை வரை காத்திருக்கக் கூடாது. ஒரு நாளில் ஆறு முறையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுகிறது என்று பொருள். ஆறு மாதம் வரை தண்ணீரும் கிரைப் வாட்டரும் தேவையில்லை. ஆனால் சிறுநீர் குறைந்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, காய்ச்சல் வந்து பிள்ளை துவண்டு கிடந்தாலோ ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. வாணி விலாஸ், கோஷா போன்ற அரசு ஆஸ்பத்திரிகள் எதற்கு இருக்கின்றன?

வேலைக்குப் போகும் தாயின் கதை வேறு. பீன்யாவிலும் பொம்மனஹள்ளியிலும் காலையில் கார்மெண்ட்ஸ் ஷிப்டுக்கு ஓடுகிறவள் பகலெல்லாம் பிள்ளையைப் பிரிந்திருக்கிறாள். பாட்டிலை மறுத்துப் பகலில் தூங்கிச் சமாளிக்கும் பிள்ளை, இரவு முழுவதும் தாயிடம் குடிக்கிறது. பிள்ளை தன் கணக்கைச் சரிக்கட்டிக் கொள்கிறது; மறுநாள் மெஷின் முன் தூங்கி விழுவது தாய்தான். பிழிந்து வைத்த பால் அறையில் நாலு மணி நேரம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் பிழிந்தெடுக்க ஒரு மறைவிடம் எத்தனை ஆலைகளில் கொடுக்கிறார்கள்?

சட்டத்தில் குறையில்லை. 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை தினம் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தந்தது. 2017-ல் வந்த திருத்தம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாலு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை உள்ளன. உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும். சூபர்வைசர் முகம் சுளிப்பார் என்று சும்மா இருந்தால் பட்டினி கிடப்பது பிள்ளை. ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கும் இது பொருந்தும்.

50 பேருக்குக் குறைவான பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களும் வீட்டு வேலை செய்பவர்களும் இந்தக் காப்பகக் கணக்கில் வருவதில்லை. தமிழ்ப் பெண்கள் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். கிராமப் பஞ்சாயத்துகளில் 'கூசின மனெ' என்ற பெயரில் குழந்தைக் காப்பகங்கள் அமைக்க 2023-ல் கர்நாடக அரசு முடிவு செய்தது. நகரத்துக் குடிசைப் பகுதிகளிலும் வார்டுக்கு ஒன்று திறக்கும்படி சங்கங்கள் சேர்ந்து மனு கொடுக்க வேண்டும்.