போல்ட்டுக்கு அளவு உண்டு, லைப்ரரிக்கு?

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு யூனிட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஷிஃப்ட் உற்பத்திக் கணக்கைத் திரையில் காட்ட, ஓர் இன்ஜினீயர் 2020இல் பைதானில் எழுதிவைத்த சின்ன வெப் ஆப் அங்கே ஓடுகிறது. ரெண்டு வருஷம் சிக்கலே இல்லை. பழைய கம்ப்யூட்டர் பழுதாகி, புதியதில் எல்லாவற்றையும் இன்ஸ்டால் செய்தால் ஆப் திறக்கவே மறுக்கிறது: 'கேனாட் இம்போர்ட் நேம் எஸ்கேப் ஃப்ரம் ஜிஞ்ஜா2'. "நேத்து வரைக்கும் ஓடிச்சே, நீ என்ன பண்ணின?" என்ற கேள்வி, புதிதாகச் சேர்ந்த பையன் மேல் விழும்.

அவன் எதுவும் பண்ணவில்லை. யூனிட்தான் கற்பனை, எரர் நிஜம். வெப் ஆப் எழுத உதவும் ஃபிளாஸ்க் லைப்ரரியின் 1.1.2 பதிப்பு, தனக்குத் தேவையான ஜிஞ்ஜா2 லைப்ரரி '2.10.1 அல்லது அதற்கு மேல்' இருந்தால் போதும் என்று குறித்திருந்தது. மேல் வரம்பு கிடையாது. 2022 மார்ச்சில் வந்த ஜிஞ்ஜா2 3.1, 'எஸ்கேப்' என்ற பெயரைத் தன்னிடமிருந்து நீக்கிவிட்டது. ஃபிளாஸ்க் பழையதாகவே இருக்க, அதன் கீழே புது ஜிஞ்ஜா2 வந்து உட்கார்ந்துகொண்டது. 'எனக்கு ஃபிளாஸ்க் 1.1.2 மட்டும்தான் வேண்டும்' என்று சரியாக எழுதிவைத்தவர்களும் மாட்டினார்கள்.

இதே சிப்காட்டில் எந்த வெண்டராவது 'எம்10 அல்லது அதற்கு மேல், எந்த போல்ட்டும் சரி' என்று ஆர்டர் எடுப்பாரா? டிராயிங் ரிவிஷன் நம்பர், டாலரன்ஸ், பேட்ச் நம்பர் எல்லாம் இல்லாமல் ஒரு பெட்டி கேட்டைத் தாண்டாது. அந்த ஒழுங்கு பக்கத்து அறையில் ஓடும் சாஃப்ட்வேருக்கு மட்டும் இல்லை என்பதுதான் விநோதம்.

எரர் வந்தால் கடைசி வரியோடு நிறுத்தாமல், அதற்கு மேலே எந்த ஃபைலின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் ஃபைல் இல்லாமல் 'சைட்-பேக்கேஜஸ்' ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைல் என்றால், சண்டை இரண்டு லைப்ரரிகளுக்கு இடையில். உங்கள் கோடைத் திருத்துவதில் பலனில்லை. 'பிப் செக்' ஓட்டினால் தெரிந்துவிடும் என்பார்கள். இந்தக் கேஸில் அதுவும் 'எல்லாம் சரி' என்றே சொல்லும். 3.1 என்பது 2.10.1க்கு மேல்தானே!

அவசரத்துக்கு ஜிஞ்ஜா2வை 3.0.3க்கு இறக்கலாம். அதோடு முடியாது, இட்ஸ்டேஞ்சரஸ் என்ற இன்னொரு லைப்ரரியும் அதே 2022 தொடக்கத்தில் இதே மாதிரி ஒரு பெயரை நீக்கியது, அதையும் 2.0.1க்கு இறக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு ஃபிளாஸ்க்கையே 2க்கு மேல் கொண்டுபோவது. எதைச் செய்தாலும், ஆப் ஓடத் தொடங்கியதும் 'பிப் ஃப்ரீஸ்' போட்டு, நீங்கள் கேட்காமலே உள்ளே வந்த லைப்ரரிகள் உட்பட எல்லாவற்றின் வெர்ஷனையும் ஒரு ஃபைலில் எடுத்துவையுங்கள். பைதான் வெர்ஷன் அதில் வராது, தனியாகக் குறிக்க வேண்டும்.

'பூட்டியாச்சு, இனி தொடவே வேண்டாம்' என்பதும் தப்பு. பைதான் 3.8க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 அக்டோபரோடு நின்றுவிட்டன. லைப்ரரி எழுதுபவர்களையும் குறை சொல்ல முடியாது. 'எஸ்கேப் போகப்போகிறது' என்று ஜிஞ்ஜா2 2021 மே மாதமே எச்சரிக்கத் தொடங்கியது. ஆனால் லைப்ரரிக்குள் எழும் இந்த வகை எச்சரிக்கைகளைப் பைதான் வழக்கமாகத் திரையில் காட்டாது. தேடிப் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

தேடிப் பார்க்க நேரம் வேண்டும். மிஷினை நிறுத்தி ஆயில் மாற்றும் நேரம் பிளானில் இருக்கிறது. தனி என்விரான்மென்ட்டில் புது வெர்ஷன்களைப் போட்டு ஆப்பை ஓட்டிப் பார்க்க, மூன்று மாதத்துக்கு ஒரு அரை நாள்கூட யாருடைய டைம்ஷீட்டிலும் இருக்காது. அந்தச் செலவு, ஆப் நின்ற பிறகு ஒரு முழு ஷிஃப்ட்டாகத் திரும்பி வருகிறது.

ஓசூருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அத்திப்பள்ளியைத் தாண்டினால் எலக்ட்ரானிக் சிட்டி. ஆப் எழுதியவர் அங்கே வேலை மாறிப் போவது சகஜம். அவர் கிளம்பும் நாளில் லேப்டாப்பையும் ஐடி கார்டையும் திரும்ப வாங்குகிறார்கள். கூடவே அந்த வெர்ஷன் ஃபைலையும் வாங்கி, வேறொரு கம்ப்யூட்டரில் அவரையே ஒருமுறை முதலிலிருந்து இன்ஸ்டால் செய்து காட்டச் சொல்லலாம்.